வாசிக்கச் சொன்னவர்

இறந்துபோன வரலாற்று ஆசிரியரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசத்தான் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆனால் முதலில் எழுந்த அவருடைய மனைவி, "அவர் உங்க எல்லாரையும் வருஷக்கணக்கா ஏமாத்தினார்" என்றார்.

பள்ளிக்கூட மாடியில் சார் பாடம் நடத்திய அதே அறை. பழைய மாணவர்கள் இருபது பேர், முட்டி இடிக்கும் பெஞ்சுகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னலோரம் இருந்தவளுக்கு சாரின் வகுப்பில் 'தந்தி' என்று பெயர். வார்த்தைகள் தந்தி அடிப்பதுபோல விட்டுவிட்டுத்தான் வரும். அத்தனை திக்குவாய். இப்போது அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனையாவது நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்வது அவள் குரல்தான்.

அதற்கு சார்தான் காரணம் என்று பேசத் தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் தினமும் அவளையே எழுப்பிப் பாடம் வாசிக்க வைத்தவர் அவர். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். யாராவது சிரித்தால் சாரின் முகம் அந்தப் பக்கம் திரும்பும். சிரிப்பு அடங்கிவிடும்.

சாரின் மனைவி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சாருக்குக் கண்ணில் கோளாறு. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் வீட்டில் மனைவி வாசிக்க வாசிக்க, புத்தகம் முழுவதையும் சார் மனப்பாடம் செய்துகொண்டார். வகுப்பில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சமாளித்தார்.

"உங்க விடைத்தாளைத் திருத்தினது நான்தான். மார்க் குறைச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அறையில் சலசலப்பு எழுந்தது.

முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரன் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தான். அந்த வகுப்பிலேயே தடங்கல் இல்லாமல் வாசிப்பவன் அவன்தான்.

"அப்ப இவளை வாசிக்க வச்சது அதுக்குத்தானா? ஒரே பக்கத்துல பீரியட் ஓடிடும். நான் வாசிச்சிருந்தா பத்து நிமிஷத்துல பாடம் முடிஞ்சிருக்கும். மிச்ச நேரத்துல யாராவது நோட்டை நீட்டியிருந்தா அவர் மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பார்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று பேர் அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் பெருமையாகச் சொல்லிவந்த கதை அது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளைப் பேச அழைத்தபோது, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கையாட்டிவிட்டாள். டியூட்டிக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்தாள்.

மாடிப்படியில் சாரின் மனைவி பின்னாலேயே வந்துவிட்டார்.

"நீதானேம்மா தினமும் வாசிச்ச பொண்ணு?"

"ஆமாம்மா." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நேரத்தை ஓட்டத்தான் என்னை வாசிக்க வச்சாரா?"

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்ஸ்பெக்‌ஷன் நடந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

மறக்குமா? அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொறுமை போய், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். இன்றைய மருந்துக்கடைக்காரன் அதற்குள் எழுந்தே விட்டான். சார் மட்டும், "அவ முடிப்பா" என்றார். அவளும் திணறித் திணறி முடித்தாள். மறுவாரமே வேறு ஆசிரியர் வந்துவிட்டார். சார் சொந்த விருப்பத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டதாக வகுப்பில் சொன்னார்கள்.

"விருப்பமாவது ஒண்ணாவது" என்றார் சாரின் மனைவி. "நீ முடிச்சதும் அந்த அதிகாரி இவரைத் தனியா ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கார். 'ஒரு பக்கம் வாசிக்க எத்தனை நிமிஷம் ஆகும்னு நீங்களே காட்டுங்க'ன்னு மேஜையில கிடந்த செய்தித்தாளை எடுத்துக் கையில கொடுத்துட்டார். செய்தித்தாளை எப்படிம்மா மனப்பாடம் பண்ண முடியும்?"

அவள் இறங்கிய படியைத் திரும்ப ஏறி அவர் அருகில் வந்தாள்.

"விஷயத்தை வெளியே விடாம, ஓய்வு வேணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் சத்தம் போட்டேன். அந்தப் பையன்கிட்ட புத்தகத்தைக் கொடுத்திருந்தா பிரச்சினையே வந்திருக்காதேன்னு கேட்டேன்."

"சார் என்ன சொன்னார்?"

"'வந்திருக்காதுதான். ஆனா பாதியில உட்கார வச்சிருந்தா, அந்தப் பொண்ணு அப்புறம் எந்திரிச்சிருக்கவே மாட்டா'ன்னார்."