அறுபதில் மூன்று

"அறுபது!" என்று கத்தியபடி ஆற்றுத் தண்ணீருக்குள்ளேயே துள்ளிக் குதித்தாள் மருமகள்.

அறுபதாவது கல்லும் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை.

அணையில் திறந்துவிடும் தண்ணீர் கீழே ஆற்றை என்ன பாடுபடுத்துகிறது என்று மூன்று வருடமாக ஆராய்கிறவள் அவள். மீன்கள் முட்டையிடுவது இந்த இடத்துக் கூழாங்கற்களின் இடுக்கில்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை மதகை ஒரேயடியாகத் திறப்பார்கள். வருகிற வேகத்தில் கல் உருளும், கல்லோடு முட்டையும் போகும்.

கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு தடவை மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க அணைப் பொறியாளரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. தண்ணீர் வடிந்ததும் அளந்து பார், அறுபது கல்லில் குறைந்தது ஐம்பது அசையாமல் இருந்தால் இனி எப்போதும் அப்படியே திறக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே பழைய கதைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு அவரே போன் செய்வார். முட்டைகள் பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மஞ்சள் பெயின்ட் அடித்து எண் எழுதிய அறுபது கற்கள். வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை. மதகு திறக்கும் முன்பே அவள் கையால் வைத்தவை.

உடன் வரும் உதவியாளருக்குக் காய்ச்சல். "டேப்பு பிடிக்க எனக்குத் தெரியாதா?" என்று மாமியார் கிளம்பிவிட்டார். வீட்டுச் சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். விடியற்காலை ஐந்து மணிக்கே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், பாவம்.

மருமகள் போட்டது ஒரே நிபந்தனை. தான் வளைவுக்கு அப்பால் போய் நீர்மட்டம் குறித்துக்கொண்டு வரும்வரை மாமியார் கரையை விட்டு இறங்கக் கூடாது. ஒருமுறை ஒடிந்து ஒட்டிய இடுப்பு அது. இறங்கினால் இனிமேல் கூட்டி வருவதில்லை.

திரும்பி வந்தால், முழங்கால் தண்ணீரில் தொப்பலாக நனைந்து, டேப்பும் கையுமாக நிற்கிறார். கேட்டால், கரையில் வெயில் தாங்கவில்லையாம். திட்ட நேரமில்லாமல் அளக்கத் தொடங்கினார்கள்.

அறுபதுக்கு அறுபது! மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். மாமியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் வாய் தவறிவிட்டது.

"பின்ன? எல்லாம் வரிசையா இருந்தாத்தானே உனக்கும் அளக்க லேசா இருக்கும்?"

கட்டிப்பிடித்த கையை மருமகள் எடுத்தாள். ஊரான் வீட்டுச் சுவரில் படம் கோணலாகத் தொங்கினால்கூட எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வருகிறவர் இவர்.

"அத்தை... கல்லை எடுத்து வச்சீங்களா?"

மாமியார் ஆற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மருமகளை மட்டும் பார்க்கவில்லை.

போச்சு. எந்தக் கல் எங்கே கிடந்ததோ, எத்தனை உருண்டதோ, யார் கண்டது?

போன் அடித்தது. சொல்லி வைத்தாற்போல மணி பதினொன்று.

அறுபது என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மீன்களா வந்து சாட்சி சொல்லும்? பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மெல்லத் திறந்தும் கல் உருண்டிருந்தால்? அடுத்த தடவையும் உருளும், முட்டையும் போகும், எல்லாம் நலம் என்று நாம் அறிக்கை எழுதிக்கொண்டிருப்போம். அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சார், இன்னைக்கு எடுத்த அளவு செல்லாது," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நாளைக்குப் பழையபடிதான்மா" என்று அவர் முடிப்பதற்குள் போன் மாமியார் கைக்குப் போயிருந்தது.

"ஐயா, நான் இவ மாமியார் பேசறேன். நான் எடுத்து வச்சது மூணே மூணு கல்லு. பன்னெண்டு, பதிமூணு, இருபத்திரண்டு. மத்ததை நான் தொடக்கூட இல்லை, சத்தியமா!"

மருமகள் சடாரென்று குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே போனாள். தண்ணீர் வடியும்போது படிந்த மெல்லிய வண்டல், கற்களின்மேல் கலையாமல் இருந்தது. மாமியார் சொன்ன மூன்று கற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. மற்ற ஐம்பத்தேழையும் யாரும் தொடவில்லை.

"ஐம்பத்தேழு சார்! ஐம்பத்தேழு அசையவே இல்லை!" என்று அங்கிருந்தே போனைப் பார்த்துக் கூவினாள். அவர் கேட்டதற்கு மேல் ஏழு.

பொறியாளர் விடுகிற ஆள் இல்லை. அவர் குரல் போனிலிருந்து மருமகளுக்கே கேட்டது. மூன்று கல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை ஆயிற்றே, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் அவ்வளவு வேகமா, அப்படியானால் மறுபடி யோசிக்க வேண்டியிருக்குமே என்றார்.

மாமியார் மருமகளை ஒரு தரம் ஏக்கமாகப் பார்த்தார். பிறகு போனை வாய்க்கு வெகு அருகில் கொண்டுபோய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தண்ணி ஒண்ணும் பண்ணலைங்க. நான் வழுக்கி உக்காந்தது அங்கதான்."