கிட்ட வராதே, ஒயர் இருக்கு!

"கிட்ட வராதே! ஒயர் பிடுங்கிக்கும்!"

நேற்று முழுக்க வேன்காரர் வாயில் இதே பாட்டுதான். நெஞ்சில் பெட்டி கட்டிக்கொண்ட புருஷனுக்குப் பக்கத்தில் போய் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ராத்திரியும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு ஹாலில் தனியாகப் படுத்தார். கல்யாணமான புதுசில்கூட மனுஷன் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று பல வருஷமாக அடைத்துக் கிடக்கிறதாம். அப்படிப்பட்டவர்களுக்குத் துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடி ஆளையே சாய்த்துவிடுமாம். பெட்டியில் ஒருநாள் துடிப்பைப் பதிந்து பார்த்த பிறகுதான் பள்ளிக்கூட வேனை ஓட்டலாமா கூடாதா என்று சொல்வேன் என்றார் டாக்டர். ஸ்டீயரிங்கைப் பிடிக்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

பெட்டியோடு குளிக்கவும் கூடாது. கூடவே இருக்கும் அவள் தம்பியும் நேற்றுக் குளிக்கவில்லை. கேட்டால், "மாமாவுக்குத் துணைக்கு, அக்கா" என்று இளித்தான். சோம்பேறித்தனத்துக்கு என்ன பேர் வைக்கிறான் பார் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. டாக்டர் கம்ப்யூட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரரோ புது மாப்பிள்ளை மாதிரி கால்மேல் கால் போட்டிருந்தார்.

"என்ன டாக்டர், நாளைக்கே வண்டி எடுக்கலாம்ல?"

"வண்டியா? நீங்க மாடிப்படி ஏறி வந்ததே பெரிசு! துடிப்பு பலதடவை கன்னாபின்னான்னு ஓடியிருக்கு. எந்த நிமிஷமும் நின்னுடலாம். இப்பவே அட்மிட் ஆகணும், அசையாதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் துள்ளி எழுந்தாள். "ஐயோ, இப்ப நான் என்ன பண்ணுவேன்! தம்பியைக் கூப்பிடுறேன்" என்று ஜன்னலுக்கு ஓடினாள்.

கீழே தம்பி, அவர்களை ஓட்டிக் கூட்டிவந்த வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். கழலாத நட்டைக் கழற்ற ஸ்பானர்மேலேயே ஏறி நின்று மிதித்தான். எட்டிப் பார்த்த வேன்காரருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"டேய் மச்சான், இறங்குடா! அப்படியே உட்காரு!" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் பாய்ந்தார்.

"ஏங்க, ஓடாதீங்க! உங்க நெஞ்சு தாங்காதுங்க!" அழுதுகொண்டே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி! பெட்டியைக் கட்டிக்கிட்டது உன் தம்பிடி!"