முந்திக்கொண்ட எதிரொலி

ரோவீனா பழைய ரிவால்வர்களைச் சேர்ப்பவள். சேர்த்ததையெல்லாம் சுட்டும் பார்த்துவிடுவாள். வயோமிங்கில் எங்கள் ஊர்ச் சுடுதிடலில் சனிக்கிழமைதோறும் நானும் அவளும் சுடுவோம். கடைசியாக அவள் வாங்கிய ரிவால்வரில் மட்டும் ஒரு விசித்திரம். விசையை இழுக்குமுன்பே எதிர்மலையிலிருந்து எதிரொலி வந்துவிடும்.

"வித்துத் தொலை, ரோவீனா. எனக்கென்னவோ சரியாப் படல."

"அது ஒரு சத்தம் போட்டா நான் வித்துடணுமா? போ மெர்ல்."

மறு சனிக்கிழமை அவள் குறிபார்த்ததும் மலையில் வெடித்தது. அவள் சுடவில்லை. தோட்டாக்களை எடுத்துவிட்டு ரிவால்வரை மேசையில் வைத்தாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வெடி மலையடிவாரத்தில் கேட்டது. அதற்கடுத்தது இலக்குத் தகடுகளுக்குப் பக்கத்தில். திடலில் எங்களைத் தவிர யாருமில்லை. நான் ஓடிப்போய் என் வண்டிக்குள் ஏறிக்கொண்டேன். கடைசி வெடி அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே கேட்டது. வெடிமருந்துப் புகை அவள் தோளுக்கு மேல் எழுந்தது.

அவள் திரும்பவில்லை. ரிவால்வர் மேல் கையை வைத்தாள்.

"இது என்னோடது. வேணும்னா முன்னாடி வந்து கேளு."

காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. புகை கலையாமல் மேசையைச் சுற்றி வந்து அவளுக்கு எதிரே நின்றது.

"ம், கேளு," என்றாள் ரோவீனா.