கட்டியக்காரன் நாளை பேசப்போவது

மனு எழுதும் மேசையில் நான். எதிரே நாற்காலியில் ஒன்றியப் பிரமுகர் அரங்கநாதன். சுவரோரம் ஸ்டூலில் கட்டியக்காரன் வேடம் கட்டும் வளவன், வாசற்படியில் அவன் மனைவி கலைச்செல்வி. கரண்ட் இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு இரைச்சலும் வெயிலும் ஒன்றாக உள்ளே வருகின்றன. நாளைக் கூத்தில் ராஜாவைக் கேலி செய்யும் கட்டியக்காரன் இன்னது பேசுவான் என்று எழுதிக் கொடுத்தால்தான் போலீஸ் அனுமதியாம். போன வருஷம் “ராஜா, ஏரியக் காணோம்” என்றதற்கு வளவனை உள்ளே வைத்தார்கள். ஏரியில் மனை போட்டவர் அரங்கநாதன்; இந்த முறை எழுதுவதைத் தானே பார்த்து அனுப்ப வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“இந்த தபா வாய் நீண்டுச்சு, வெளியவே வரமாட்ட” என்கிறார். கலைச்செல்வி முந்தானையை முறுக்குகிறாள். “எழுதுண்ணா” என்கிறான் வளவன். “ராஜா, உங்க ஆட்சியில ஒரு குறையுமில்ல. ஏரி நிரம்பி வழியுது. நண்டு நடுவூட்டுல நிக்குது.” எழுதுகிறேன். அரங்கநாதன் தலையாட்டிக்கொண்டே படிக்கிறார். ஏரி என்ற இடத்தில் அவர் பேனா நிற்கிறது. கூத்து நடப்பதே அந்தக் காய்ந்த ஏரிக்குள்தான். ஜனங்கள் உட்காரப்போவது அவருடைய மனைக்கற்களுக்கு நடுவே.

“இந்த வரி இன்னாத்துக்குடா?”

“அடிச்சிடுங்க தலைவரே. தூர்வாரியாச்சு, ஏரி ரொம்பிடுச்சுன்னு தாலுக்கா ஆபீசுல நீங்க சொன்னதுதானே?” என்கிறான் வளவன்.

அவர் கழுத்தில் வியர்வை இறங்குகிறது. யாரும் சிரிக்கவில்லை. பேனாவை மூடித் தாளை என் பக்கம் தள்ளுகிறார். நான் மடித்து உறையிலிட்டுப் பசை தடவி அழுத்துகிறேன். கலைச்செல்வி அதை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி வெயிலில் இறங்குகிறாள்.