டிரைவர் பலகை

இன்ஜினில் ஏறியதும் சாப்பாட்டுப் பையைக் கொக்கியில் மாட்டினார். மனைவி விடிகாலையில் வாக்கிங் போய் வந்த கையோடு சமைத்துக் கட்டிக் கொடுத்தது. டிரைவர் பலகையில் உட்கார்ந்து, பெரிய இரும்பு லீவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே முன்னால் பார்த்தார்.

நாலு எட்டு வைத்தால் தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கப்புறம் புல்தரை, மியூசியத்தின் டிக்கெட் ஜன்னல்.

கரி தின்று புகை விட்ட காலமெல்லாம் போய், அந்த இன்ஜின் மியூசிய வாசலில் காட்சிக்கு நிற்கிறது. அவரும் டிரைவர் இல்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். போன மாதம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல ஆபீசுக்குக் கிளம்பி வந்து, சாயங்காலம் வரை இங்கே ஒளிந்திருப்பார்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எந்த முகத்தோடு சொல்வார்! வேலை போய் அக்கா வீட்டோடு வந்து தங்கியிருந்த மச்சினனை, "ஆம்பளைன்னா சம்பாதிச்சுச் சாப்பிடணும்" என்று தட்டின் முன்னால் வைத்துக் குத்திக்காட்டிய வாய் அது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் அப்புறம் வரவேயில்லை. மனைவி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வந்த புதிதில் பேண்ட்டின் பின்பக்கமெல்லாம் கரி. மனைவி எதுவும் கேட்காமல் துவைத்துப் போட்டாள். கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கரியும் ஒட்டவில்லை. இன்ஜின் முழுக்க அழுக்கு அப்பிக் கிடந்தாலும் டிரைவர் பலகை மட்டும் தினமும் சுத்தமாக இருந்தது.

கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். "டிரைவர் அங்கிள், வண்டி எப்போ கிளம்பும்?" என்றது ஒரு வாண்டு.

"சிக்னல் விழலம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. இந்த வயதில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்று கூசிப்போனார்.

பிள்ளைகள் நகர்ந்ததும் வாட்ச்மேன் படியருகே வந்தார்.

"சார், நாளையிலேர்ந்து இங்க உட்கார முடியாது. இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. அப்புறம் கதவு போட்டுப் பூட்டிடுவாங்களாம்."

"ஐயோ, நான் எங்கே போவேன்?"

"வீட்டுலயே இருக்கலாமே சார்."

"அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"இத்தனை நாளா பலகையைத் துடைச்சு வெச்சீங்களே, அந்த உதவியை மறக்க மாட்டேன்" என்றார் இவர்.

"நீங்க வேற சார்!" என்று முனகிவிட்டு, யாரோ கூப்பிட்டது போல வாட்ச்மேன் வாசல் கேட் பக்கம் விரைந்தார்.

செருப்பைக் கழற்றும்போதே உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி வீட்டுக்கு வந்தார். மனைவி கதவைத் திறந்து, பையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நாளைக்கு... ஆபீஸ் கிடையாது" என்றார், சுவரைப் பார்த்து. மறுபடியும் பொய். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. "ஏதோ ரிப்பேர் வேலையாம்."

மனைவி டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறாரா என்று பார்த்தாள்.

"தெரியும். காலையில பலகையைத் துடைக்கப் போனப்பவே வாட்ச்மேன் சொல்லிட்டார்."