கன்னத்தில் மட்டும்

“எங்க உங்க மெஷினு? அதைத் தூக்கி ரோட்டுல போட்டு ஒடைச்சாத்தான் என் ஆத்திரம் அடங்கும்!”

அழகுமுத்து தள்ளிய வேகத்தில் கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவருக்குப் பின்னால், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு மகள் சர்மிளா நின்றாள்.

ஹட்டனில் முடி நீக்கும் அந்த லேசர் நிலையத்தை நடத்தும் பிரேமினி கையுறையைக் கழற்றியபடி எழுந்தாள்.

“ஐயா, மொதல்ல உக்காருங்க.”

“உக்காரவா பொகவந்தலாவையில இருந்து பஸ் ஏறி வந்தேன்? சால்வையை எடு சர்மிளா. பாக்கட்டும்.”

சர்மிளா எடுத்தாள். இரண்டு கன்னங்களும் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. இடையிடையே கொப்புளங்கள். காத்திருந்த ஒரு பெண், “ஐயோ சாமி” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கன்னத்துல நாலு முடி மொளைச்சதுக்கு நீ குடுத்த வைத்தியம் இது. அடுத்த கெழமை டீச்சர் வேலைக்குச் சேரப் போற புள்ள. இந்த மொகத்தோட எப்படிப் போய் வகுப்புல நிக்கும்?”

“எனக்கும் வயிறு எரியுதுங்க ஐயா. ஆனா நான் அவசரப்பட்டு எதையும் செய்யல. மெல்லிசான தோலுன்னு சொல்லிக்கிட்டுத்தான் இவங்களே வந்தாங்க. சோதிச்சுப் பாக்காம இன்னைக்கே லேசர் அடிச்சு விடுறேன்னு சொன்ன எடத்தையெல்லாம் வேணாம்னு விட்டுட்டு இங்க வந்தாங்க. காதுக்குக் கீழ சின்னதா ஒரு எடத்துல அடிச்சு, ரெண்டு கெழமை பொறுத்துப் பாத்தோம். நம்ம நெறத்துக்கு ஏத்த லேசர்தான். அதையும் கொறைச்சுத்தான் வச்சேன்.”

“எல்லாம் சரியா செஞ்சா எப்படி வேகும்? நீ சொல்றது பொய்யின்னு இந்தக் கன்னமே சொல்லுதே!”

பிரேமினி சர்மிளாவின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். சோதித்த இடம் பழைய நிறத்திலேயே இருந்தது. மேலுதட்டிலும் லேசர் பட்டிருந்தது. அங்கேயும் ஒன்றுமில்லை. வெந்திருந்தது கன்னம் மட்டும்தான். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“தங்கச்சி, கன்னத்துல என்ன பூசுனீங்க?”

“குத்தத்தை என் புள்ள தலையிலயே கட்டப் பாக்குறியா?”

“கொஞ்சம் சும்மா இருங்க ஐயா!” பிரேமினியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “அதே மெஷினு, அதே அளவு. இங்க ஒண்ணும் ஆகல, அங்க வெந்திருக்கு. தோலுக்கடியில சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடுது, பாருங்க. இது வெள்ளையாக்குற கிரீம் பூசுன கன்னம். ஸ்டெரொய்ட் கலந்த கிரீம். ஆரம்பத்துல பளபளன்னு வெளுக்கும். அப்புறம் தோலு வெங்காயச் சருகாட்டம் ஆயிரும். பூசுன எடத்துல முடி மொளைக்கும். இந்த முடியே அதால வந்ததுதான். ஏதாவது கிரீம் பூசுறீங்களான்னு மொத நாளே கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினாங்க.”

சர்மிளா தரையைப் பார்த்தாள்.

“எங்க தேயிலைத் தோட்டத்துலயும் இந்தக் கூத்துதாங்க” என்றாள் காத்திருந்த பெண். “சம்பளம் போட்டா பொம்பளப் புள்ளைங்க மொதல்ல ஓடுறதே கிரீம் வாங்கத்தான். என் அண்ணன் மகளுக்கு மூஞ்சியெல்லாம் தடிச்சுப் போச்சு. வெயில்ல நிக்க முடியாம கொழுந்து பறிக்கவே போறதில்ல. வித்தவன் மட்டும் நல்லா இருக்கான்.”

அழகுமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“பூசினியா? வாயத் தெறந்து சொல்லு.”

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

“அறிவு இருக்கா ஒனக்கு? கெம்பஸ் போய்ப் படிச்ச புள்ளதானே நீ? எவன்கிட்ட வாங்கின?”

அவள் சால்வையை மறுபடியும் முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

“கிரீம் பேரு தெரியாட்டிப் பரவால்ல தங்கச்சி, வாங்குன எடத்தைச் சொல்லுங்க” என்றாள் பிரேமினி. “அதுல என்ன கலந்திருக்குன்னு பாத்துத்தான் தோல் டொக்டர் மருந்து எழுதுவாங்க. தெரியாம எதையாவது பூசினா இந்தத் தழும்பு அப்படியே நின்னுரும்.”

“கேட்டியா? மொகமே போயிரும். யாரைக் காப்பாத்துற நீ?” அழகுமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. “நானும் யாவாரம் பண்றவன்தான். பெத்த புள்ள மொகத்தை வேக வச்சவனைச் சும்மா விடுவேனா? பயப்படாம சொல்லு. அவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே அவன் கடையை இழுத்து மூடுறேன்.”

வந்ததிலிருந்து வாயே திறக்காத சர்மிளா நிமிர்ந்தாள். அப்பாவை நேராகப் பார்த்தாள்.

“நம்ம கடையில எடுத்ததுதான்பா. சம்பளத்தன்னைக்குத் தோட்டத்துப் புள்ளைங்களுக்கு நீங்க அள்ளி அள்ளிக் குடுக்குறது. என்னைய மட்டும் தொடக் கூடாதுன்னு சொன்னப்ப, வெல கூடின சாமான், எனக்குத் தர மனசில்லைன்னு நெனைச்சேன்.”