ஜார்ஜியா மட்டும் வேண்டாம்

ஜார்ஜியா மட்டும் வேண்டாம். கடவுளே, இந்த வருடமும் ஜார்ஜியா என்றால் என்னால் தாங்க முடியாது.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே யோகம்மா மனதுக்குள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வளைகுடா நாட்டு ருவைஸில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம். மூன்று கோடை விடுமுறையும் ஜார்ஜியாதான்.

சாப்பாட்டு மேசையில் முதலாளி ஸ்ரீனிவாசன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். "ராதிகா, ஜார்ஜியாவுக்கே, திபிலீசிக்கு ஜூலைல டிக்கெட் இருக்கு. போட்டுடட்டுமா? இங்க இருக்கிற விசாவே போதும். அஞ்சு பேரும் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

யோகம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள். "சேர், ஒரு நிமிஷம்."

முன்பெல்லாம் அவள் அவர் பேச்சில் குறுக்கிட்டதே இல்லை. இந்த இரண்டு மாதமாகத்தான் இப்படி.

"ஸ்லோவேனியா எண்டு சொன்னனான்தானே, சேர். கையகல நாடுதான். ஆனா பாதிக்கு மேல காடு. எங்க திரும்பினாலும் பச்சை. ஒரு ஏரி இருக்கு, ஏரிக்கு நடுவில தீவு, தீவில ஒரு சேர்ச். தொண்ணூற்றொன்பது படி ஏறிப்போய் மணி அடிச்சா, நினைச்சது நடக்குமாம்."

"டாடி, ஐ வான்ட் டு ரிங் தட் பெல்!" ஆறு வயது தன்யா நாற்காலியில் ஏறி நின்றாள். அவள் தம்பி எதுவும் புரியாமலே கை தட்டினான்.

ஸ்ரீனிவாசன் சிரித்தார். "டிராவல் ஏஜென்ட் தோத்தான் போங்க. வேற என்ன இருக்கு அங்க?"

"குகைக்குள்ள ரயில் ஓடுது, சேர். வீட்டுக்கு வீடு தேன்கூடு. கடல்கூட இருக்கு, நாற்பத்தாறு கிலோமீட்டர்."

தினமும் மத்தியானம் துணி தேய்க்கும்போது போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பாடமாக்கியது. அந்த நாட்டின் தலைநகரப் பெயர்தான் வாயில் நுழைய மறுத்தது. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பழகினாள்.

எல்லாம் கீழ்வீட்டில் வேலை செய்யும் அஸ்மத் பீவியால் வந்தது. போன கோடையில் அவளுடைய முதலாளி வீட்டார் சுவிட்சர்லாந்து போனார்கள். அவர்கள் திரும்பி வந்த வாரம், குப்பை போடும் குழாய் அருகே வைத்து, அஸ்மத் பீவி யோகம்மாவின் உள்ளங்கையில் ஊர் இனிப்பான தொதல் ஒரு துண்டு வைத்தாள். ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். முகத்தில் அப்படியொரு களை.

"உங்கட ஆக்களையும் ஐரோப்பாவுக்குப் போகச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

சுவிட்சர்லாந்து என்றால் செலவுக்குப் பயந்து சேர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். தேடித் தேடித்தான் யோகம்மா இந்தக் குட்டி நாட்டைப் பிடித்தாள்.

"ஐரோப்பா விசான்னா சும்மாவா?" ஸ்ரீனிவாசன் தாடையைச் சொறிந்தார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "அது சரி யோகம்மா, உங்க தம்பி பாரிஸ்லதானே இருக்கார்? அங்க இறங்கினதும் அவர்கிட்ட ஓடிடலாம்னு பிளானா?"

"என்ன பேச்சு இது? சும்மா இருங்க" என்றாள் ராதிகா.

"ஐயோ, இல்லை சேர். பிள்ளையளுக்கு இந்த வெக்கை ஒத்துவரேல்ல, அதுதான்..." அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது.

நேராகக் கேட்டுப் பார்க்காமல் இல்லை. இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் "பாக்கலாம்" என்றார்கள். மூன்றாம் முறை கேட்டு அதே பதில் வந்தால் மனம் விட்டுப்போகும் என்று பயந்துதான் இந்தச் சுற்றுவழி.

"யோகம்மா, ஆடுது பாரு!" தன்யா வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். யோகம்மா விரலால் தொட்டதுமே முன்பல் கையோடு வந்துவிட்டது.

ஓட்டுக் கூரை இல்லாத ஊரில் விழுந்த பல்லை எங்கே எறிவது? பால்கனிக்குப் போய் ஏசி பெட்டியின் மேல் எறிந்தாள். தூரத்தில் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி உச்சியில் தீ எரிந்துகொண்டிருந்தது. பல்லை எறிந்த பிறகும் அவள் உடனே உள்ளே வரவில்லை.

வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது. திபிலீசிக்குத்தான் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க யோகம்மா! ஸ்லோவேனியாதான்" என்றாள் ராதிகா.

யோகம்மா ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இந்த வருடம். கடைசியில் இந்த வருடம்.

"அட, அழாதீங்க. இன்னும் முழுசா சொல்லலையே." ராதிகா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டு வேலை பண்றவங்களுக்கு விசா குடுக்க யோசிப்பான்னு இவர் இழுத்தார். கீழ்வீட்டுல அஸ்மத்தை விட்டுட்டுப் போன மாதிரி நாமளும் போயிடலாம்னார். நான் விடல. ஆசை ஆசையா சொன்னவங்களை விட்டுட்டு நாம மட்டும் போறதான்னு சண்டை போட்டேன். இவர் லெட்டர் குடுத்தா கிடைச்சிடுமாம். நீங்களும் வர்றீங்க! அந்த மணியை நீங்களும் அடிச்சு வேண்டிக்கலாம்."

பிரிண்டரின் சூடு ஆறாத தாளை மேசையில் வைத்துப் பேனாவை நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

யோகம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். எதிரே தன்யா பொக்கைவாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு பேனாவை மூடித் தாளின் மேல் மெதுவாக வைத்தாள்.

"நான் வரேல்ல மேடம். நீங்கள் போற மாசம் அஸ்மத்தை விட்ட மாதிரி என்னையும் ஊருக்கு விடுங்கோ, என்ர பிள்ளைக்கும் முன்பல் விழுந்திட்டுதாம்."